வலைப்பூவும் விக்கியும் வகுப்புக்குள்: எதை எதில் எழுத வைப்பது, எப்படித் திருத்துவது

"விக்கி ஆரம்பிச்சோம், ரெண்டு மாசம் ஓடுச்சு, அப்புறம் யாரும் எட்டிப் பார்க்கல" என்று சொல்லும் ஆசிரியர்கள் நிறையப் பேர். கொஞ்சம் விசாரித்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். விக்கியில் செய்ய வேண்டிய வேலையை வலைப்பூவில் கொடுத்திருப்பார்கள், வலைப்பூவுக்கு உரியதை விக்கியில் போடச் சொல்லியிருப்பார்கள். அதோடு, மாணவர் எப்படி எழுதினார் என்பதைப் பார்க்காமல், கடைசியில் வந்து நிற்கும் பக்கத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

வலைப்பூ இடுகை ஒருவர் பெயரில், ஒரு தேதியில் நிற்பது. படிப்பவர் கீழே பின்னூட்டம் போடலாம், இடுகைக்குள் கை வைக்க முடியாது. விக்கிப் பக்கத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது. யார் எழுதியதையும் யாரும் மாற்றலாம். மாற்றியவர் பெயர், நேரம், மாற்றம் மூன்றும் பக்கத்தின் வரலாற்றில் பதிவாகிவிடும்.

ஒன்பதாம் வகுப்புக்கு ஊர் ஏரியைப் பற்றி ஒரு செயல்திட்டம் என்று வைத்துக்கொள்வோம். "கலிங்கு வழிஞ்சா ஊரே திரண்டு போய்ப் பார்ப்போம்" என்று ஒரு மாணவியின் பாட்டி சொன்னது வலைப்பூவுக்கு உரியது. அது பாட்டியின் நினைவு, பேத்தியின் எழுத்து. இன்னொரு மாணவன் அதைத் திருத்த முடியாது, திருத்தவும் கூடாது. ஏரிக்குத் தண்ணீர் எந்த வாய்க்காலில் வருகிறது, மதகு எத்தனை, ஆயக்கட்டு எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் விக்கிக்கு உரியவை. அங்கே ஒருவர் எழுதிய எண்ணை இன்னொருவர் ஏரிக்கரை அறிவிப்புப் பலகையோடு ஒப்பிட்டு மாற்றலாம். பலகை ஒன்று சொல்லி, அச்சான ஆவணம் வேறொன்று சொன்னால் பக்கத்தோடு இணைந்த பேச்சுப் பக்கத்தில் விவாதிக்கலாம். பாட்டியின் நினைவை விக்கியில் போட்டால் நாலாவது திருத்தத்தில் பாட்டி காணாமல் போய்விடுவார். ஆயக்கட்டு விவரத்தை வலைப்பூவில் போட்டால் தப்பான எண் அப்படியே நிற்கும், கீழே "சூப்பர்" என்று ஆறு பின்னூட்டம் சேர்ந்திருக்கும்.

வகுப்புக்கு மட்டுமான விக்கிக்கு டோக்குவிக்கி என்ற இலவச மென்பொருள் போதும். விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கிக்குத் தரவுத்தளம் தேவை. டோக்குவிக்கி ஒவ்வொரு பக்கத்தையும் சாதாரண உரைக் கோப்பாக வைத்துக்கொள்கிறது. பிஎச்பி (இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழி) ஓடும் கணினி ஒன்று ஆய்வகத்தில் இருந்தால், இணையம் இல்லாமலேயே உள் வலையமைப்பில் மற்ற கணினிகளிலிருந்து எழுதலாம். பள்ளியில் ஏற்கனவே மூடுல் என்ற பாட மேலாண்மைத் தளம் இருக்கிறதென்றால் அதிலுள்ள விக்கியே போதுமானது. உருவாக்கும்போது கூட்டு விக்கியா, தனி விக்கியா என்று கேட்கும். தனி என்று கொடுத்தால் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு விக்கி பிறந்துவிடும், பின்னால் அதை மாற்ற வழியில்லை. கூட்டு என்பதையே தேர்ந்தெடுங்கள்.

டோக்குவிக்கியில் முதல் நாளே ஒரு சிக்கல் வரும். ஒருவர் தொகுக்கத் தொடங்கியதும் அந்தப் பக்கம் முழுவதும் பூட்டிக்கொள்ளும். மற்றவர்களுக்கு இன்னார் தொகுத்துக்கொண்டிருக்கிறார் என்ற செய்திதான் வரும். இந்தப் பூட்டு இயல்பாக 15 நிமிடம் நீடிக்கும். ஒரு மாணவன் சேமிக்காமல் உலாவியை மூடிவிட்டு எழுந்து போனால், 40 நிமிடப் பாடவேளையில் அதே பக்கத்தில் எழுத வேண்டிய மற்றவர்களுக்கு 15 நிமிடம் வீண். அமைப்புகளில் பூட்டு நேரத்தை 5 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். எழுத வேண்டாம் என்று தோன்றினால் ரத்துப் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் எழ வேண்டும் என்று பழக்குங்கள். 40 பேர் என்றால் நான்கு நான்கு பேராகப் பத்துக் குழு, குழுவுக்கு ஒரு பக்கம், அதற்குள்ளும் துணைத்தலைப்புக்கு ஒரு தனிப் பக்கம் என்று பிரித்துவிட்டால் மோதல் பெருமளவு குறையும். மீடியாவிக்கியில் பூட்டு கிடையாது. இருவர் வேறு வேறு பத்திகளில் எழுதினால் தானே சேர்த்துவிடும், ஒரே பத்தியில் கை வைத்தால்தான் தொகுப்பு முரண் என்று நிறுத்தும்.

இயந்திரச் சிக்கலைவிடப் பெரியது மாணவரின் கூச்சம். "அவன் எழுதுனத நான் எப்படி மிஸ் மாத்துறது?" என்று கேட்பார்கள். மாற்றச் சொன்னால், நண்பன் எழுதியதற்குக் கீழே போய்த் தாங்கள் புதிதாக ஒரு பத்தி எழுதிவிட்டு வருவார்கள். பத்து நாளில் ஒரே செய்தி நான்கு முறை சொல்லப்பட்ட பக்கம் ஒன்று கிடைக்கும். இதற்கு நல்ல மருந்து, முதல் பாடவேளையில் ஆசிரியரே தன் பெயரில் ஒரு பக்கம் எழுதி, அதில் வேண்டுமென்றே பன்னிரண்டு பிழைகளைப் போட்டு வைப்பது. சந்திப்பிழை இரண்டு, தவறான ஆண்டு ஒன்று, ஆதாரமில்லாத பெருமைப் பேச்சு ஒன்று, ஒரே செய்தி இரண்டு இடத்தில், இப்படி. ஒவ்வொரு குழுவும் ஒன்றையாவது திருத்த வேண்டும், ஏன் திருத்தினோம் என்று சேமிக்கும் இடத்தில் உள்ள சுருக்கப் பெட்டியில் ஒரு வரி எழுத வேண்டும். ஆசிரியர் எழுதியதையே திருத்தியவர்களுக்குப் பக்கத்து பெஞ்சுக்காரர் எழுதியதைத் திருத்தக் கை கூசாது. அடுத்த வாரம் முதல் குழு இரண்டாம் குழுவின் பக்கத்துக்குப் போகட்டும், இரண்டாவது மூன்றாவதுக்கு.

இனி வரலாறு. ஆசிரியர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். மீடியாவிக்கியில் ஒவ்வொரு சேமிப்புக்குப் பக்கத்திலும் +312, −45 என்று ஓர் எண் தெரியும். அது எழுத்துக் கணக்கும் இல்லை, சொல் கணக்கும் இல்லை, பைட் கணக்கு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் யூனிகோடு குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், அதிலும் மெய்யின் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள். ‘தமிழ்’ என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறி, ஆக 15 பைட். ‘பள்ளிக்கூடம்’ 36 பைட். +1,500 என்பது ஆங்கிலத்தில் ஏறக்குறைய 250 சொல், தமிழில் 40 முதல் 50 சொல்தான். ஆங்கில வழிகாட்டிகளில் இருக்கும் பைட் வரம்பை அப்படியே எடுத்துத் தமிழ் வகுப்புக்கு வைத்தால், நாலு வரி எழுதியவருக்கு முழு மதிப்பெண் போய்ச் சேரும். அதைவிட, பைட்டுக்கு மதிப்பெண்ணே கொடுக்காமல் இருப்பது நல்லது. யாரோ பக்கத்தை வெறுமையாக்கிவிட, இன்னொருவர் ஒரே சொடுக்கில் மீட்டெடுத்தால் அவர் பெயரில் +9,000 என்று நிற்கும். தேவையற்ற மூன்று பத்தியை வெட்டி, இரண்டு வரியில் சரியாகச் சொன்ன மாணவி −2,400 என்று நிற்பாள். என் கணக்கில் அந்த −2,400தான் அந்த வாரத்தின் சிறந்த வேலை.

இருபது மதிப்பெண் என்றால் நான் சொல்லும் பிரிப்பு இது: முதல் வரைவுக்கு 4, அடுத்தவர் எழுதியதைக் காரணத்தோடு திருத்தியதற்கு 6, ஆதாரம் தேடிச் சேர்த்ததற்கு 5, பேச்சுப் பக்கத்தில் வாதிட்டதற்கு 3, திருத்தச் சுருக்கத்துக்கு 2. அதிகம் எதற்கு என்று பாருங்கள், அடுத்தவர் எழுத்தைத் திருத்துவதற்கு. அதைத்தான் நோட்டுப் புத்தகத்தில் செய்ய முடியாது. சுருக்கம் என்ற பெயரில் "திருத்தம்" என்று மட்டும் எழுதினால் பூஜ்யம். "மதகு 3 என்றிருந்ததை 4 என மாற்றினேன், கரைப் பலகையில் அப்படித்தான் உள்ளது" என்று இருந்தால் முழு மதிப்பெண். இந்தப் பிரிப்பை முதல் நாளே வகுப்பில் ஒட்டிவிட வேண்டும். கடைசியில் சொன்னால் பயனில்லை.

வெட்டி ஒட்டுவதும் வரலாற்றில்தான் பிடிபடும். சமர்ப்பிக்கும் நாள் இரவு ஒரே சேமிப்பில் +11,000 என்று வந்தால் நடுவிலிருந்து ஏழெட்டுச் சொல் கொண்ட ஒரு தொடரை எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். சதுர அடைப்புக்குள் தனியாக நிற்கும் எண்கள், "மேலும் படிக்க" என்ற வரி, பத்திக்குப் பத்தி மாறும் நடை ஆகியவையும் தடயங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிக் கொடுத்ததும் இப்படி மொத்தமாகத்தான் வந்து விழும். ஆனால் மொத்தமாக வந்ததாலேயே திருட்டு என்று முடிவு கட்டக் கூடாது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளை நோட்டில் எழுதி வந்து ஒரே மூச்சில் தட்டச்சு செய்திருக்கலாம். நோட்டைக் காட்டச் சொல்லுங்கள், அதோடு சந்தேகம் தீர்ந்துவிடும்.

வலைப்பூவுக்கு மாணவருக்கு ஒன்று என்று நாற்பது திறக்க வேண்டாம், வகுப்புக்கு ஒன்று போதும். கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான ப்ளாகரில் ஒரு வலைப்பூவுக்கு நூறு பேர் வரை எழுத்தாளராகச் சேர்க்கலாம். ஒவ்வொரு இடுகைக்கும் இரண்டு லேபிள் கட்டாயம்: மாணவரின் புனைபெயர் ஒன்று, பாடத் தலைப்பு ஒன்று. புனைபெயர் லேபிளைச் சொடுக்கினால் அந்த மாணவரின் ஓராண்டு எழுத்தும் வரிசையாக வந்து நிற்கும், தனி வலைப்பூவின் பயன் இதிலேயே கிடைத்துவிடும். பின்னூட்ட மட்டுறுத்தலை (நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளியாவது) எப்போதும் என்று வையுங்கள். தேடுபொறிக்குக் காட்டு என்பதை அணைத்துவிடுங்கள்.

வேர்ட்பிரஸ் என்றால் பயனர் பொறுப்பில் கவனம் தேவை. கான்ட்ரிப்யூட்டர் பொறுப்பில் உள்ளவர் எழுதலாம், வெளியிட முடியாது; ஆசிரியர் பார்த்து வெளியிடுவார். பாதுகாப்பானதுதான். ஆனால் அந்தப் பொறுப்பில் படம் ஏற்ற முடியாது, வெளியான பிறகு தன் இடுகையையே திருத்தவும் முடியாது. பின்னூட்டத்தைப் பார்த்துவிட்டு எழுத்தைச் செப்பனிடுவதுதான் பயிற்சியின் உயிர் என்பதால், முதல் இரண்டு இடுகைக்குப் பிறகு ஆத்தர் பொறுப்புக்கு உயர்த்திவிடுங்கள். வேர்ட்பிரஸ் பழைய வடிவங்களைச் சேமித்து வைப்பதால் எது மாறியது என்று ஒப்பிட முடியும். ப்ளாகரில் அந்த வசதி இல்லை; மாணவர் முதல் வடிவத்தைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆசிரியரின் படிப்புச் சுமையை முதலிலேயே கணக்குப் போடுங்கள். நாற்பது பேரும் வாரம் ஓர் இடுகை எழுதினால் மூன்றாவது வாரம் நீங்கள் படிப்பதை நிறுத்துவீர்கள், ஐந்தாவது வாரம் அவர்கள் எழுதுவதை நிறுத்துவார்கள். வாரம் பத்துப் பேர் எழுதட்டும், 150 முதல் 250 சொல். மீதி முப்பது பேர் ஆளுக்கு இரண்டு பின்னூட்டம். பத்து இடுகை, அறுபது பின்னூட்டம் என்பது ஒருவரால் படிக்கக்கூடிய அளவு. பின்னூட்டத்துக்கு ஒரு விதி: இடுகையிலிருந்து ஒரு வரியை எடுத்துக்காட்டி, அதைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். "அருமை", "வாழ்த்துகள்" மட்டும் இருந்தால் மட்டுறுத்தலில் நிறுத்திவிடலாம். எழுதியவர் குறைந்தது ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பதிலில்தான் மாணவர் யோசிப்பது தெரியும்.

தட்டச்சுக்கு ஒரு பாடவேளையைத் தனியாக ஒதுக்குங்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் தொகுப்புப் பெட்டிக்குள்ளேயே தமிழ்99 விசைப்பலகை, ஒலிபெயர்ப்பு (ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டுவது) இரண்டும் உண்டு. கன்ட்ரோலையும் எம்மையும் சேர்த்து அழுத்தினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறலாம். அடிக்கடி வரும் ஒரு பிழையைக் காட்டியே ஆக வேண்டும். ‘கௌதாரி’ என்பதில் க-வுக்குப் பின் ஔகாரக் குறி ஒன்றே ஒன்று. பலர் ஒற்றைக்கொம்பு போட்டு, க எழுதி, பக்கத்தில் ளகரத்தைத் தட்டிவிடுவார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் கணினிக்கு அது ‘கெளதாரி’, வேறு சொல். தேடினால் கிடைக்காது, இணைப்புக் கொடுத்தால் பக்கம் இருந்தும் சிவப்பாகவே நிற்கும். தமிழ்99-இல் க தட்டிவிட்டு இஸட் விசையை அழுத்தினால் சரியான கௌ வந்துவிடும். அதேபோல, பழைய வினாத்தாள், டிடிபி கடையில் அடித்த குறிப்பு எல்லாம் பாமினி, வானவில் எழுத்துருவில் இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். முதலில் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு ஒட்ட வேண்டும்.

விக்கிப்பீடியாவில் நேரடியாக எழுத வைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 2011-இல் விக்கிமீடியா அறக்கட்டளை புனேயில் சில கல்லூரிகளோடு ஒரு கல்வித் திட்டத்தை நடத்தியது. மாணவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் பாடத்தின் பகுதியாக எழுதினார்கள். வெட்டி ஒட்டிய எழுத்து பெருமளவில் வந்து சேர்ந்தது. துப்புரவு செய்தே தன்னார்வலர்கள் ஓய்ந்துபோய், அந்தப் பருவத்திலேயே திட்டம் நிறுத்தப்பட்டது. அளவுக்கு மீறிய மாணவர் எண்ணிக்கை, கூட நின்று பார்க்க அனுபவசாலிகள் போதாமை, பருவ முடிவில் மதிப்பெண் அவசரம், மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் எழுதிப் பார்க்காமல் நேரே கட்டுரையில் கை வைத்தது என்று பல காரணம். அடுத்த ஆண்டு கெய்ரோவில் சிறிய அளவில், மாணவர்கள் தங்கள் அரபு மொழியிலேயே எழுதும்படி தொடங்கியபோது நன்றாக நடந்தது. நமக்கு இதில் பாடம் இருக்கிறது. தமிழ் வழி மாணவரைத் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வையுங்கள். ஒரு வகுப்புக்கு மேல் எடுக்காதீர்கள். மணல்தொட்டியில் ஆசிரியர் பார்த்த பிறகே கட்டுரைக்கு நகர்த்துங்கள். புதுக் கட்டுரை என்று தொடங்காமல் இருக்கும் கட்டுரையில் ஓர் ஆதாரம், ஒரு படம் சேர்ப்பதிலிருந்து தொடங்குங்கள். பாட்டியிடம் கேட்டது அங்கே நிற்காது, அச்சில் வந்த ஆதாரம் வேண்டும். பள்ளியைப் பற்றியும் தலைமையாசிரியரைப் பற்றியும் எழுதும் ஆசையை விட்டுவிடுங்கள்.

விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கும் நாளில் இன்னொரு தடை உண்டு. ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்புக்கு உரிய எண்) 24 மணி நேரத்தில் ஆறு கணக்குதான் தொடங்க முடியும். பள்ளி வைஃபையில் ஏழாவது மாணவர் நின்றுவிடுவார், பாடவேளை அதோடு போச்சு. வீட்டிலிருந்தே தொடங்கி வரச் சொல்லலாம். இல்லையென்றால் இரண்டு வாரம் முன்பே தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் தேதி, மாணவர் எண்ணிக்கை, பள்ளியின் ஐபி முகவரி மூன்றையும் எழுதிக் கேட்டால் விலக்குப் பெற உதவுவார்கள்.

உண்மையில் பள்ளி மாணவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, பழைய நூல்களைத் தட்டச்சு வடிவில் சேர்க்கும் விக்கிமூலம். தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வருடிய நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் அங்கே இருக்கின்றன. இடப்பக்கம் இயந்திரம் படித்த எழுத்து, வலப்பக்கம் நூலின் படம். பார்த்துத் திருத்தினால் பக்கம் மஞ்சளாகும். இன்னொருவர் மறுபடி சரிபார்த்தால் பச்சையாகும். மஞ்சளாக்கியவரே பச்சையாக்க மென்பொருள் விடாது, ஆகவே இருவர் இருவராக வேலை செய்தே தீர வேண்டும். வெட்டி ஒட்டும் பேச்சுக்கே இடமில்லை, ஆதாரச் சண்டை இல்லை, ஒரு பக்கத்தை ஒரு பாடவேளையில் முடித்துவிடலாம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூலென்றால் பழைய ணை, லை, றா வடிவங்களில் இயந்திரம் தடுமாறியிருக்கும். கால் போட்ட இடத்தில் ரகரம் நிற்கும். மாணவர்கள் இவற்றை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறபோது எழுத்தெழுத்தாகப் படிக்கப் பழகுகிறார்கள். எந்த இலக்கணப் பயிற்சித்தாளும் இந்தக் கவனத்தைத் தருவதில்லை.

பெற்றோர் ஒப்புதல் கடிதம் இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். 2023-இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. அவர் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். கணக்கில் உண்மைப் பெயர், பள்ளிப் பெயர், பிறந்த ஆண்டு எதுவும் வேண்டாம். விக்கிப்பீடியாவில் ஒரு கணக்கைப் பெயர் மாற்றலாமே தவிர அழிக்க முடியாது, பங்களிப்புப் பட்டியல் எப்போதும் பொதுவில் இருக்கும். கைபேசியில் எடுத்த படத்தில் எடுத்த இடம் பதிந்திருக்கும். ஏரியின் படத்தில் அது நல்லதுதான், வீட்டு வாசலில் எடுத்த படத்தில் நீக்கிவிட வேண்டும்.

கடைசியாக, நகல். விக்கிஸ்பேசஸ் என்ற இலவச விக்கித் தளத்தை உலகெங்கும் பள்ளிகள் நம்பி நடத்தின. 2018-இல் அது மூடப்பட்டது, இறக்கி வைக்காதவர்களின் பக்கங்கள் போயின. ப்ளாகரில் அமைப்புகளிலும் வேர்ட்பிரஸில் கருவிகளிலும் ஏற்றுமதி இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. டோக்குவிக்கியில் தரவுக் கோப்புறையை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்தால் போதும். பழைய வடிவங்கள் உட்பட எல்லாம் அதற்குள் இருக்கும். பருவத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். நிர்வாகிக் கணக்கைக் குறைந்தது இரண்டு ஆசிரியரிடம் வையுங்கள், அதுவும் பள்ளியின் பொது மின்னஞ்சலில். இடமாறுதல் கலந்தாய்வு முடிந்து ஒருவர் வேறு ஊருக்குப் போன பிறகு கடவுச்சொல்லைத் தேடி அலைய வேண்டியிருக்காது.